காய்ச்சல் விட்ட நாளில் நீ கேட்ட துண்டு

என் சரசுவுக்கு,

உன்னை மதினி என்று கூப்பிடாமல் பேர் சொல்லிக் கூப்பிட்டதற்காக அம்மா என் தலையில் வைத்த குட்டுகளை நீ மறந்திருக்க மாட்டாய். ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே வாங்கில் என்னோடு உட்கார்ந்தவள், ஒரே கொய்யாக்காயின் மறுபக்கத்தைக் கடித்தவள், திடீரென்று என் அண்ணனுக்குக் கழுத்தை நீட்டிவிட்டாள் என்பதற்காக நான் மரியாதை பழக வேண்டுமா என்ன? கடைசிவரை நீ எனக்குச் சரசுதான். இந்தக் கடிதத்திலும் அப்படித்தான் எழுதுவேன். அம்மாவும் இப்போது அங்கேதான் இருக்கிறாள். குட்ட வந்தால் நீ சமாளித்துக்கொள்.

முதலில் நல்ல செய்தி. இழுத்து இழுத்துச் சொன்னால் உனக்குப் பொறுமை இருக்காது. உன் மகள் நிரோஷா பிழைத்துக்கொண்டாள். உன்னைக் கொண்டுபோன அதே டெங்கு அவளுக்கும் வந்தது, வந்த வழியே போயும்விட்டது. சோறு தின்கிறாள், வாய் பேசுகிறாள். என்னோடு பேசுகிறாளா என்பது வேறு கதை. அதற்கு வருகிறேன்.

இந்தக் கடிதம் உனக்கு மட்டும் எழுதியது இல்லை. இதன் பிரதி ஒன்றை நான் வேலை செய்யும் தேயிலைத் தோட்டத்து டிஸ்பென்சரியின் சுவரில் ஒட்டப்போகிறேன். மருந்துக்கு வரிசையில் நிற்பவர்கள் படிக்கட்டும். எழுத்துத் தெரியாதவர்களுக்குத் தெரிந்தவர்கள் சத்தமாகப் படித்துக் காட்டட்டும். பதினாறு வருடமாக இந்தத் தோட்டம் உன்னைப் பற்றி ஒரு தப்பான கதையை நம்பிக்கொண்டிருக்கிறது. அது தப்பு என்று தெரிந்த ஒரே ஆள் நான். தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

அந்த வாரம் உனக்கு நினைவிருக்கிறதா? கொழும்பில் உன் சித்தி மகளின் கலியாணத்துக்குப் போய் வந்தாய். வந்து சில நாளில் காய்ச்சல். கண்ணுக்குப் பின்னால் குடைகிறது, எலும்பை யாரோ முறிக்கிற மாதிரி இருக்கிறது என்றாய். டெங்கு என்ற பேரை நாம் கேள்விப்படாமல் இல்லை. ஆனால் அது கொழும்புக்காரர்களின் நோய், நோர்வூட்டுக்கு மேலே இந்தக் குளிருக்குள் அந்தக் கொசு ஏறி வராது என்று நினைத்தோம். கொசு ஏன் ஏறி வரவேண்டும்? அங்கே கடி வாங்கிக்கொண்டு நாமே பஸ் ஏறி வந்துவிடலாமே. அது யாருக்கும் தோன்றவில்லை.

டிஸ்பென்சரியின் பழைய வழக்கம் உனக்குத் தெரியும். சுவரில் படிக்கிற இளசுகளுக்காகச் சொல்கிறேன். காய்ச்சல் என்று வருபவர்களுக்குத் தெர்மாமீட்டர் வைப்போம். சூடு இருந்தால் டிஸ்பென்சர் ஐயா ஒரு துண்டு எழுதுவார். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டில் அந்தத் துண்டைக் கொடுத்தால் அன்றைக்கு வீட்டில் படுத்திருக்கலாம். சூடு இல்லையென்றால் துண்டும் இல்லை. துண்டில்லாமல் லயத்து வீட்டில் படுத்திருந்தால் சோம்பேறி என்று பேர். காய்ச்சல் விட்ட அன்றே தலைக்கு ஊற்றிவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட வேண்டும். தலைமுறை தலைமுறையாக அப்படித்தான் போனோம்.

மூன்று நாள் உனக்குத் துண்டு கிடைத்தது. நான்காம் நாள் காலையில் நீ வந்தாய். டிஸ்பென்சர் ஐயா அன்று லீவு. அங்கே உதவிக்கு இருந்த என் கையில்தான் தெர்மாமீட்டரும் துண்டுப் புத்தகமும் இருந்தன. உனக்கு முன்னால் வந்தவர்கள் போய்விட்டார்கள், பின்னால் யாரும் இல்லை.

“காய்ச்சல் விட்டிருச்சு சரசு,” என்றேன். எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

“விட்டிருச்சுதான். ஆனா ஒடம்பு என்னமோ மாதிரி இருக்கு ராணி. வயிறு வலிக்குது. இன்னிக்கு ஒரு நாளைக்கு மட்டும் துண்டு குடு.”

“மூணு நாளா கஞ்சிகூட ஒழுங்கா குடிக்கல. வயிறு வலிக்காம சிரிக்குமா? சூடு இல்லாம துண்டு எழுதுனா நாளைக்கு ஐயாவுக்கு நான்தான் பதில் சொல்லணும். சொந்தக்காரிக்கு எழுதிக் குடுத்துட்டான்னு நாலு பேரு பேசுவாங்க.”

நீ சண்டை போடவில்லை. இன்றைக்கும் என்னைக் குத்துவது அதுதான். கங்காணியையே நிற்கவைத்துக் கேள்வி கேட்கிறவள் நீ. அன்றைக்கு “சரி” என்று விட்டுவிட்டாய். வாசற்படியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாய். நான் உன் கையைப் பிடித்து எழுப்பிவிட்டேன். கை சில்லென்று இருந்தது. காலைக் குளிர் என்று நினைத்துக்கொண்டேன்.

பகலில் கொழுந்து நிறுக்கிற இடத்தில் சரிந்து விழுந்தாய். லொறியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மறுநாள் மத்தியானம் உன்னைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். நிரோஷாவுக்கு அப்போது ஐந்து வயது. வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளை விட்டுப்போகிற பிள்ளைக் காம்பராவில் மற்றப் பிள்ளைகளோடு விளையாடிக்கொண்டிருந்தவளைப் போய்த் தூக்கிவந்தது நான்தான். வழியெல்லாம் அவள் என்னிடம் ஏதோ ஒரு பூனையைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்தாள்.

சாவு வீட்டில் யார் தலையிலாவது பழியைப் போட்டால்தான் சனத்துக்கு ஆறும். காய்ச்சலில் கிடந்தவள் எதற்குக் கொழுந்து பறிக்க மலைக்குப் போனாள் என்று யாரோ கேட்டார்கள். அந்த நான்காம் நாள் விடியற்காலையே தொழிற்சாலை வேலைக்குப் போய்விட்டிருந்த அண்ணன், தலையில் அடித்துக்கொண்டு அழுதார். “போறப்பவே சொல்லிட்டுத்தானே போனேன், இன்னிக்கும் படுத்திருன்னு. யாரு பேச்சக் கேட்டா அவ? வேலை வேலைன்னு போயிட்டாளே.”

நீ டிஸ்பென்சரிக்கு வந்தது அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். முதல் நாள் பயத்தில் சொல்லவில்லை. கருமாதி முடியட்டும் என்று பார்த்தேன். கருமாதி முடிந்தபின், இவ்வளவு நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்களே என்று இன்னொரு பயம் வந்தது. ஒரு வருடம் போனபின் அந்தப் பயம் கல்லாகிவிட்டது. நான் பொய் ஒன்றும் சொல்லவில்லை சரசு, சும்மா இருந்தேன். சும்மா இருந்தே ஒருத்தி பேரைக் கெடுக்கலாம்.

தோட்டத்தில் உன் பேர் பிடிவாதத்துக்கு உதாரணமாகிவிட்டது. காய்ச்சலோடு வேலைக்குக் கிளம்புகிறவர்களைப் பார்த்து, “சரசு மாதிரி போய் உசிர விடாத,” என்பார்கள். உன் திதிக்குப் படத்துக்கு முன்னால் சாம்பிராணி போடும்போது அண்ணனும் அதையே சொல்லுவார். உன் மகள் அதைக் கேட்டுக் கேட்டுத்தான் வளர்ந்தாள். வளர்த்ததில் பாதி நான். அவளுக்குத் தலை பின்னிவிட்ட கை, உனக்குத் துண்டு எழுத மறுத்த கை.

நீ போன அடுத்த வருடம் டிஸ்பென்சரி ஆட்களுக்கு ஹட்டனில் ஒரு நாள் வகுப்பு வைத்தார்கள். ஒரு டொக்டர் பலகையில் கோடு ஒன்று வரைந்தார். காய்ச்சல் மேலே ஏறி, மூன்று நான்கு நாளில் கீழே இறங்குகிற கோடு. இறங்குகிற இடத்தைச் சுற்றிச் சோக்கால் ஒரு வட்டம் போட்டார். டெங்குவில் ஆபத்து தொடங்குவதே இங்கேதான் என்றார். அநேகம் பேருக்கு இந்த இடத்தோடு நோய் முடிந்துவிடுமாம். சிலருக்கு மட்டும், காய்ச்சல் விடுகிற நேரம் பார்த்து ரத்தக் குழாய்களிலிருந்து நீர் உள்ளுக்குள்ளேயே கசியத் தொடங்குமாம். வெளியே பார்த்தால் சூடு இல்லை, முனகல் இல்லை, ஆள் குணமாகிவிட்ட மாதிரி இருக்கும். உள்ளே ரத்தம் கெட்டியாகி நாடி தளர்ந்துகொண்டே போகும்.

நான் எழுந்து வெளியே போய்க் குழாயடியில் முகத்தைக் கழுவிக்கொண்டேன். உனக்குத் துண்டு இல்லை என்று நான் சொன்ன நேரம் அந்தச் சோக்கு வட்டத்துக்குள் இருந்தது.

திரும்பி வந்தபோது யாரோ கேட்டுக்கொண்டிருந்தார்கள், யாருக்குக் கசியும் என்று முன்கூட்டியே சொல்ல வழி இல்லையா என்று. அந்த டொக்டர் சிரித்தார். “அது தெரிஞ்சா நான் நிம்மதியா தூங்குவேனே. முன்னாடி ஒரு தடவை டெங்கு வந்தவங்க, கர்ப்பிணிங்க, சின்னப் புள்ளைங்க, சீனி வியாதிக்காரங்க, இவங்களுக்கு வாய்ப்புக் கூட. ஆனா கல்லு மாதிரி இருந்த ஆளும் விழுவாரு. அதனால ஆளப் பாத்து முடிவு பண்ணாதீங்க. கேளுங்க, திரும்பத் திரும்பக் கேளுங்க.”

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று நீ சிரிப்பாய். சிரி. அன்றைக்கு வரும் வழியில் ஒரு கொப்பி வாங்கினேன். காய்ச்சல் விட்டுவிட்டது என்று சொல்லிக்கொண்டு வருகிற ஒவ்வொருவரையும் உட்காரவைத்துக் கேட்கத் தொடங்கினேன். வயிறு வலிக்கிறதா, எந்தப் பக்கம்? வாந்தி நின்றதா? பல் விளக்கும்போது ரத்தம் வந்ததா? எழுந்து நின்றால் தலை சுற்றுகிறதா? கை காலைத் தொட்டுப் பார்ப்பேன். எல்லாவற்றையும்விட முக்கியமாக, கடைசியாக எப்போது ஒண்ணுக்குப் போனீர்கள் என்று கேட்பேன். உடம்பில் நீர் குறைந்தால் முதலில் காட்டிக்கொடுப்பது அதுதானே. அதற்குப் பதில் சொல்ல ஆம்பிளைகள் படுகிற பாட்டை நீ பார்க்க வேண்டும். லயத்துப் பிள்ளைகள் எனக்கு ‘ஒண்ணுக்கு ராணி’ என்று பட்டம் வைத்துவிட்டார்கள். பெரட்டுக்களத்தில் வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயாவே ஒரு நாள் வாய்தவறிச் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

கொப்பியில் எழுத எழுத ஒன்று புரிந்தது. கத்துகிறவர்களை நம்பி மற்றவர்களை விட்டுவிடக் கூடாது. “ஐயோ செத்தேன்” என்று ஊரைக் கூட்டியவர் மூன்றாம் நாள் வெற்றிலை போட்டுக்கொண்டு திரிவார். மூலையில் போர்த்திக்கொண்டு, கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லி, சும்மா தூங்கித் தூங்கி விழுகிறவரைத்தான் வண்டி பிடித்து அனுப்ப வேண்டியிருந்தது. எல்லா முறையும் நான் நினைத்தது சரியாக இருந்ததில்லை. நான் பயந்து அனுப்பிய பலர் ஒன்றுமில்லாமல் திரும்பி வந்து என்னை ஏசியிருக்கிறார்கள். ஏசிக்கொள்ளட்டும். ஏசுவதற்கு ஆள் இருக்கிறதே.

துண்டு விஷயத்தையும் விடவில்லை. டிஸ்பென்சர் ஐயாவைப் பேசிப் பேசிச் சம்மதிக்கவைத்து இருவருமாகத் தோட்டத்தை நடத்தும் துரையிடம் போனோம். காய்ச்சல் இல்லாதவனுக்கு எதற்கு லீவு என்று துரை கேட்டார். பலகையில் பார்த்த கோட்டை அவருடைய மேசையிலேயே வரைந்து காட்டினேன். எத்தனை நாள் வேண்டும் என்று கேட்டார். இப்போது நம் தோட்டத்தில், காய்ச்சல் விட்டபின்னும் இரண்டு நாளைக்குத் துண்டு உண்டு. அதற்காக ஊரில் எனக்குப் பெரிய பேர். பொங்கல் விழாவில் மாலைகூடப் போட்டார்கள். கழுத்தில் அந்த மாலை கிடந்த நேரம் முழுவதும் நான் உன்னைத்தான் நினைத்துக்கொண்டு நின்றேன். எனக்கு அது பெருமையாக இல்லை, கூச்சமாக இருந்தது.

சரி, உன் மகள் கதைக்கு வருகிறேன். நிரோஷா இப்போது கொழும்பில், வெள்ளவத்தையில் ஒரு துணிக்கடையில் வேலை பார்க்கிறாள். போன மாதம் காய்ச்சலோடு பஸ் ஏறி வந்து இறங்கினாள். கடையில் கூட வேலை செய்கிற இரண்டு பிள்ளைகளுக்கு டெங்கு என்றாள். பனடோலைத் தவிர வேறு வலி மாத்திரை எதையும் தொடக் கூடாது என்று சொல்லி, அவள் பையையே சோதித்தேன். மறுநாள் ஹட்டனுக்குக் கூட்டிப்போய் ரத்தம் சோதித்தோம். டெங்குதான். பிளேட்லட் இறங்கத் தொடங்கியிருந்தது, ஆனால் பயப்படுகிற அளவுக்கு இல்லை. அடுத்த நாளும் ரத்தம் பார்க்கச் சொல்லி அனுப்பினார்கள்.

அந்த அடுத்த நாள் காலையில் காய்ச்சல் விட்டுவிட்டது.

நான் போனபோது அண்ணன் வீட்டு முன் இஸ்தோப்பில் அடுப்பு மூட்டித் தண்ணீர் காயவைத்துக்கொண்டிருந்தார். வேப்பிலை ஒடித்து வைத்திருந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

“காய்ச்சல் விட்டிருச்சு ராணி. ஒடம்பு பச்சத் தண்ணியா இருக்கு. தலைக்கு ஊத்திட்டா தெளிஞ்சிருவா.”

நிரோஷா சுவரோரம் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து அவள் பாதத்தைத் தொட்டேன். சில்லென்று இருந்தது. கொப்பி கையில் இல்லை. எனக்குக் கொப்பி தேவைப்படவும் இல்லை.

“கடைசியா எப்பம்மா ஒண்ணுக்குப் போன?”

“ஆரம்பிச்சிட்டாங்க ஒண்ணுக்கு ராணி,” என்று கண்ணை மூடியபடியே சிரிக்கப் பார்த்தாள். பிறகு யோசித்தாள். “நேத்து சாயந்தரம் அத்தை. அப்புறம் போகல.”

“வயிறு?”

“இங்க இழுத்துப் பிடிக்குது.” வலது விலாவுக்குக் கீழே கையை வைத்தாள். “விடுங்க அத்தை. தூக்கமா வருது. தூங்குனா சரியாயிரும்.”

அண்ணன் விடவில்லை. “காய்ச்சலே இல்லாத புள்ளய எதுக்கு இழுத்துக்கிட்டுத் திரியணும்? தூங்கட்டும். சாயந்தரம் பாத்துக்கலாம்,” என்றார். நான் அவரோடு வாதாடவில்லை. அடுப்பிலிருந்த தண்ணீரைத் தூக்கி வாசலோரத்துச் சாக்கடைக் கானில் ஊற்றினேன். என் வயதுக்கு அண்ணன் முன்னால் நான் அப்படி நடந்தது அதுதான் முதல் தடவை. சந்தியில் கடை வைத்திருக்கும் நானாவுக்குப் போன் செய்தேன். அவர் கடையைத் திறந்தது திறந்தபடி மனைவியிடம் விட்டுவிட்டு வேனை எடுத்துக்கொண்டு வந்தார். வழியில் ஒவ்வொரு வளைவிலும், “பிள்ள கண்ண மூட உடாதீங்க ராணி, பேச்சுக் குடுங்க,” என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன வயது டொக்டர், சிங்களப் பிள்ளை. கையைப் பிடித்த உடனேயே கட்டிலுக்கு அனுப்பினார். ரத்தம் முந்தின நாளைவிடக் கெட்டியாகியிருந்தது. வயிற்றில் ஸ்கேன் பார்த்தால், பித்தப்பைப் பக்கம் நீர் சேரத் தொடங்கியிருந்தது. கசிவு தொடங்கிவிட்டது சரசு. உனக்குத் தொடங்கியபோது நீ மலையில் கூடையோடு நின்றாய். இவளுக்குத் தொடங்கியபோது இவள் கட்டிலில், கையில் ஊசியோடு இருந்தாள்.

பிறகு நடந்ததெல்லாம் கணக்குப் பிசகாத வேலை. மணிக்கு மணி நாடி, பிரஷர், போன சிறுநீர், ஏறிய சேலைன். தாகம் என்று கேட்டால்கூட அளந்துதான் கொடுத்தார்கள். குறைந்தாலும் ஆபத்து, கூடினாலும் ஆபத்தாம். பக்கத்துக் கட்டிலில் லிந்துலைப் பக்கத்துப் பெண் ஒருத்தி, அவளுக்கும் அதே நான்காம் நாள், அதே வயது. அவளுக்கு ஒரு சொட்டுக்கூடக் கசியவில்லை. இரண்டு நாள் கழித்து நடந்து வீட்டுக்குப் போனாள்.

நான் டொக்டரிடம் கேட்டேன், ரெண்டு பேரில் யார் விழுவார் என்று முதல் நாளே தெரியாதா என்று. அவர் தமிழைத் தேடித் தேடிப் பேசினார்.

“தெரியாது அக்கா. கொஞ்சம் ஊகிக்கலாம். உலகத்துல நெறைய பேர் அதத் தேடுறாங்க. ரத்தத்துல ஏதாவது ஒண்ணு முன்னாடியே சொல்லுமான்னு பாக்குறாங்க. ஒரு நாளைக்கு வரும். அதுவரைக்கும் பக்கத்துல இருந்து பாத்துக்கிட்டே இருக்கிறதுதான். நீங்க சரியான நேரத்துல கொண்டுவந்தீங்க. சாயந்தரம் வந்திருந்தா எனக்குப் பயமாயிருக்கும்.”

அந்த ஒரு நாளை நினைத்துப் பார்த்தேன். ஒரு சொட்டு ரத்தத்தைப் பார்த்து, இவளை வைத்துக்கொள், இவளை வீட்டுக்கு அனுப்பு என்று சொல்லிவிடுகிற நாள். வரும் என்றுதான் நம்புகிறேன். பனியைப் பார்த்து நாளைக்குக் கொழுந்து எப்படி என்று சொல்கிற நாம், இதையும் கற்றுக்கொள்ளாமலா போவோம்? அந்த நாள் வரும்வரை, கேட்கிற வேலையை நான் செய்கிறேன்.

இரண்டு நாளில் கசிவு நின்றது. மூன்றாம் நாள் பகல், பார்வையாளர் நேரத்தில், நிரோஷா எழுந்து உட்கார்ந்து இடியப்பம் கேட்டாள். அண்ணன் வாங்கப் போனார். கட்டிலருகே நாங்கள் இருவரும்தான்.

“எப்படி அத்தை கண்டுபிடிச்சீங்க? நீங்க இல்லன்னா நான் இல்லையாம், டொக்டர் சொல்றாங்க,” என்று என் கையைப் பிடித்தாள்.

அந்த நன்றியை வாங்கிக்கொள்ள எனக்கு யோக்கியதை இல்லை. பதினாறு வருடத்துக் கல் அந்த இடத்தில் உடைந்தது. நீ வந்தது, வயிறு வலிக்கிறது என்றது, நான் மறுத்தது, பிறகு வாயை மூடிக்கொண்டது, இவ்வளவையும் சொன்னேன். துண்டு கொடுத்திருந்தால் நீ பிழைத்திருப்பாயா என்று எனக்குத் தெரியாது என்பதையும் சொன்னேன். ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் அறிவு அன்று எனக்கு இல்லை. லயத்தில் படுத்தபடியே நீ போயிருக்கலாம். இல்லை, படுத்திருந்ததால் யாராவது கவனித்து, நேரத்தோடு தூக்கிக்கொண்டு ஓடியும் இருக்கலாம். இதற்கு யார் பதில் சொல்வது?

அவள் கையை எடுத்துக்கொண்டாள். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். வீட்டுக்கு வந்தபின்னும் என்னோடு பேசவில்லை. நான் கொண்டுபோன கஞ்சியைக் குடித்தாள், பாத்திரத்தைக் கழுவி வாசலில் வைத்தாள், முகத்தைப் பார்க்கவில்லை.

அண்ணனிடமும் நானே போய்ச் சொன்னேன். அவர் என்னை அடித்திருந்தால்கூட எனக்கு லேசாக இருந்திருக்கும். “இத்தன வருசமா அவள ஏசிக்கிட்டுல்ல இருந்திருக்கேன்,” என்று மட்டும் சொன்னார். பிறகு உன் படத்தை ஆணியிலிருந்து கழற்றி, மடியில் வைத்துத் துடைத்துக்கொண்டே இருந்தார். நான் எழுந்து வந்துவிட்டேன்.

உன் மகளை இழந்துவிட்டேன் என்றே நினைத்தேன் சரசு. அவளை ஆஸ்பத்திரியிலிருந்து உயிரோடு கொண்டுவந்து, என் வாயாலேயே தொலைத்துவிட்டேன் என்று.

நேற்றுக் காலை டிஸ்பென்சரியில் வரிசை நீளம். மழை. ஒவ்வொருவராகப் பார்த்து அனுப்பிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தால் வரிசையில் நிரோஷா. மற்றவர்களைப் போலவே நின்று, தன் முறை வந்ததும் வந்து உட்கார்ந்தாள். மறுநாள் கொழும்புக்குத் திரும்புவதாகச் சொன்னாள்.

“ஒண்ணு கேக்கணும். அன்னிக்கு அம்மா எதுக்கு லீவு கேட்டாங்க? வயிறு வலிக்குதுன்னு மட்டுமா?”

இந்தக் கடிதத்தில் மேலே ஒன்றை நான் எழுதாமல் விட்டிருக்கிறேன். ஆஸ்பத்திரியில் அவளிடமும் அதைச் சொல்ல வாய் வரவில்லை, அவளிடம் சொன்ன இடத்தில்தான் ஊருக்கும் சொல்ல வேண்டும் என்று வைத்திருந்தேன். அன்றைக்கு நீ வாசற்படியில் உட்கார்ந்து சொன்னாய்: “மூணு நாளா புள்ளயப் பக்கத்துலயே விடல, ஒட்டிக்கும்னு. இன்னிக்குக் காய்ச்சல் இல்ல. மடியில வச்சுக்கிட்டுக் கெடக்கலாம்னு பாத்தேன்.” அவளிடம் அதை அப்படியே சொன்னேன்.

“திரும்பச் சொல்லுங்க,” என்றாள். திரும்பச் சொன்னேன்.

வரிசையில் நின்றவர்கள் எல்லாம் பார்த்துக்கொண்டிருக்க, அவள் என் மேசையில் தலையைக் கவிழ்த்து அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். “என்ன விட வேலைதான் பெருசுன்னு போனவங்கன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன் அத்தை. சின்ன வயசுலருந்து அம்மா மேல அவ்வளவு கோவம். யாருகிட்டயும் சொன்னதில்ல.”

உன் பேரைத்தான் கெடுத்தேன் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன் சரசு. உன்னையே அவளிடமிருந்து எடுத்துவைத்துக்கொண்டிருந்தேன் என்பது நேற்றுத்தான் தெரிந்தது.

எழுந்து போகும்போது வாசலில் நின்று திரும்பினாள். “உங்கள மன்னிச்சிட்டேன்னு சொல்ல வரல. அதுக்கு நாளாகும். ஆனா கொழும்பு போய்ச் சேந்ததும் போன் பண்ணுவேன். எடுங்க.”

இன்று விடியற்காலை அவள் பஸ் ஏறிவிட்டாள். இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே, மூன்று நாள் காய்ச்சல் கிடந்து இன்றைக்குத்தான் விட்டது என்று ஒருவர் வந்து நிற்கிறார். துண்டு வேண்டாம், வேலைக்குப் போகலாமா என்று மட்டும் கேட்கிறார். அவரை உட்காரச் சொல்லியிருக்கிறேன். உனக்கு நான் தருகிற வாக்கு இதுதான் சரசு: என் முன்னால் வந்து நிற்கிற எவரையும் சொல்லவந்ததைச் சொல்லி முடிக்காமல் இனி நான் அனுப்பமாட்டேன். எனக்குத் தெரிந்த எதையும், எனக்குக் கேடு வரும் என்பதற்காக இனி மறைக்கவும் மாட்டேன்.

போன் அடிக்கிறது. உன் மகள்தான்.

உன் நாத்தனாரும், உன் வாங்கில் உட்கார்ந்தவளும்,
ராணி